தோலுக்கு அடியில்: பழைய எம்ஜிபி காரின் சீட்டைச் சுகமாக்குவது

எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் காரின் சீட்டில் பெரிய சூட்சுமம் எதுவும் கிடையாது. இரும்புக் குழாயை வளைத்துச் செய்த ஒரு சட்டம், அதன் குறுக்கே ரப்பர், ரப்பரின் மேல் ஃபோம், அதற்கும் மேலே தோலோ ரெக்சினோ. 1962-ல் இங்கிலாந்தின் அபிங்டன் ஊரில் தயாரிப்பு தொடங்கி 1980-ல் நிற்கும்வரை ஐந்து லட்சத்துக்கும் அதிகமான கார்கள் ஏறக்குறைய இந்த அமைப்போடுதான் வெளியே வந்தன. நான்கு அடுக்கும் ஒரே சமயத்தில் கெடுவதில்லை. மேலே இருக்கும் தோல் கிழிந்தால் கண்ணில் படும், உடனே புதுக் கவர் தேட ஆரம்பித்துவிடுவார்கள். கீழே இருக்கும் மூன்றும் கெட்டுப்போனது இடுப்புக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் பளபளப்பான புதுத் தோல் போட்ட காரிலிருந்தும் ஆட்கள் ஒரு மணி நேரத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள்.

அந்தக் கால ஸ்போர்ட்ஸ் கார்களில் சீட்டுக்குக் கடைசி இடம்தான். கார் தாழ்வாக இருக்க வேண்டும், எடை குறைய வேண்டும். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் போக மிஞ்சிய பள்ளத்தில் ஆளை உட்கார வைத்தார்கள். 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் எல்லோரையும் வாய்பிளக்க வைத்த ஜாகுவார் ஈ-டைப்பின் சீட்டே மெல்லிய கிண்ணம் போலத்தான் இருந்தது. நீளமான கால்களை வைக்க இடமில்லை என்று தரையைப் பள்ளமாக்கினார்கள். 1964 அக்டோபரில் 4.2 லிட்டர் எஞ்சின் வந்தபோதுதான் சீட்டும் உருப்படியாக மாறியது. சீட்டைத் தனித் தொழிலாகவே எடுத்துக்கொண்டவர்கள் ஜெர்மானியர்கள். போர்ஷே கார்களுக்கு பாடி கட்டிக்கொண்டிருந்த ராய்ட்டர் நிறுவனம் 1963-ல் பாடி கட்டும் தொழிற்சாலையை போர்ஷேவுக்கே விற்றுவிட்டு, சீட் செய்யும் பிரிவை மட்டும் வைத்துக்கொண்டது. ராய்ட்டர் கரோசெரி என்ற பழைய பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த புதுப் பெயர்தான் ரெக்காரோ.

எம்ஜிபியின் பின் அச்சு பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பின் சக்கரம் குழியில் விழுந்தால் அந்த அடியின் ஒரு பகுதியை சீட்தான் வாங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் மனித உடலுக்கு மேலும் கீழுமான ஆட்டத்தில் மிகவும் பிடிக்காத வேகம் ஒன்று உண்டு: விநாடிக்கு 4 முதல் 6 தடவை. வயிறும் முதுகெலும்பும் அந்த வேகத்தில் வாங்கிய ஆட்டத்தை இன்னும் பெரிதாக்கும். நல்ல சீட் அதைத் தணிக்கிறது. தொய்ந்த ரப்பரும் செத்த ஃபோமும் உள்ள சீட் குழாய்ச் சட்டம் வரைக்கும் அமுங்கி, அடியை நேராக உட்காரும் எலும்புக்கே அனுப்பிவிடுகிறது.

சீட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அதில் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்ப்பது நல்லது. வலி எங்கே வருகிறது என்பதே பாதி விடை. பிருஷ்டத்தில் இரண்டு புள்ளிகளில் குத்தினால் ஃபோம் அடித்தளத்தைத் தொடுகிறது. தொடையின் அடியில் மரத்துப்போனால் முன் விளிம்பு உயரம் அதிகம். தொடைக்குத் தாங்கலே இல்லாமல் முழு எடையும் பின்னால் இறங்கினால் முன் விளிம்பு தாழ்வு. இடுப்புக்கு மேல் பிடித்துக்கொண்டால் முதுகின் உள்வளைவுக்கு அணை இல்லை. கடைசியாகச் சொன்னதைச் சோதிக்கச் செலவே வேண்டாம்: ஒரு கைத்துண்டைச் சுருட்டி பெல்ட் கட்டும் உயரத்தில் முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவில் செருகிக்கொண்டு ஓட்டினால் போதும். எந்த உயரத்தில், எத்தனை சுற்றுத் தடிமனில் வலி அடங்குகிறது என்று குறித்துவைத்தால், பிறகு அதே இடத்தில் அதே தடிமனுக்கு ஃபோம் வைக்கலாம்.

கழற்றுவது எளிது, போல்ட் துருப்பிடிக்காமல் இருந்தால். சீட்டின் ரெயில்களைப் பிடிக்கும் போல்ட்டுகள் தரைத் தகட்டில் பற்றவைத்த நட்டுகளில் இறங்குகின்றன. அறுபது வருட மழை நீர் அங்கேதான் தேங்கியிருக்கும். முந்தின நாளே காரின் அடியிலிருந்து துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைக்காமல் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் நட்டு தகட்டோடு பிய்த்துக்கொண்டு வரும். அப்புறம் சீட் வேலை தரைத் தகட்டு வெல்டிங் வேலையாக மாறிவிடும்.

கவரைப் பிரிக்கும் இடத்தில் அவசரம் ஆகாது. ஒவ்வொரு கிளிப்பும் எங்கே இருந்தது, எந்த மடிப்பு எதன் மேல் வந்தது என்று படம் எடுத்துக்கொண்டே போக வேண்டும். உள்ளே பெரும்பாலும் ஒரே காட்சிதான்: ஃபோம் என்று சொல்ல எதுவும் மிச்சமிருக்காது, ஆரஞ்சுப் பழுப்பில் மாவு போல உதிரும். பாலியூரித்தேன் ஃபோம் ஈரத்தாலும் காற்றாலும் வருடக்கணக்கில் இப்படி அழிகிறது. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அதைத் தட்டக் கூடாது. மாவுக்கு நடுவில் பழைய நாணயம், ஹேர்பின், ஏதோ ஒரு பெட்டியின் சாவி. பழைய கவரை எவ்வளவு நைந்திருந்தாலும் தூக்கியெறியாமல் வைத்துக்கொள்ள வேண்டும். தையலைப் பிரித்து விரித்தால் புதுக் கவருக்கு வெட்டுப் படிவம் அதுதான்.

சட்டத்தில் பார்க்க வேண்டியது வெடிப்பு. சாய்வு மாற்றும் பொறி பொருந்தும் இடத்திலும் குழாய்கள் சேரும் வெல்டிங்கிலும் மயிரிழை போல ஓடியிருக்கும். துருவைச் சுரண்டினால்தான் தெரியும். வெல்டிங் வைத்துச் சரிசெய்து, ப்ரைமரும் பெயிண்டும் அடித்தால் சட்டத்தின் வேலை முடிந்தது.

அடுத்து ரப்பர். முந்தைய எம்ஜிபிகளில் சட்டத்தின் குறுக்கே தனித்தனிப் பட்டைகள்; பின்னாளில் கொக்கிகளால் மாட்டப்பட்ட ஒரே ரப்பர் விரிப்பு. பட்டை முறை இத்தாலியிலிருந்து வந்தது, நூல் பதித்த ரப்பர், பிரெல்லியின் சரக்கு. மார்க்கோ சனூஸோ 1951-ல் ஆர்ஃபிளெக்ஸ் நிறுவனத்துக்கு வடிவமைத்த 'லேடி' சாய்நாற்காலியும் இதே மாதிரி பட்டையில்தான் நின்றது. இரும்புச் சுருளைத் தூக்கிப்போட்டுவிட்டு ரப்பரின் மேல் ஆளை உட்கார வைக்கும் யோசனை கூடத்திலிருந்து காருக்குள் நுழைந்தது. ரப்பர் வயதானால் இரண்டில் ஒன்று நடக்கும்: தொய்ந்து ஊஞ்சல் ஆகும், அல்லது காய்ந்து வெடிக்கும். இரண்டுக்கும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. புதுப் பட்டையை இழுக்கும் விசையில்தான் கவனம் வேண்டும். மிகவும் முறுக்கி இழுத்தால் பலகை போலாகிவிடும். பட்டையின் நடுவில் உள்ளங்கையால் அழுத்தினால் கொஞ்சம் இறங்கி, எடுத்தவுடன் சட்டென்று மேலே வர வேண்டும். பின்புறம் இறுக்கமாகவும் முன்புறம் சற்றே தளர்வாகவும் இழுத்தால் தொடையின் அடியில் அழுத்தம் குறையும். எந்தக் கடையிலும் தயாராகக் கிடைக்காத சௌகரியம் இது. பலர் பட்டையை மாற்றாமல் ஒட்டுப்பலகை ஒன்றைச் செருகிவிட்டு அதன் மேல் தடித்த ஃபோம் போடுகிறார்கள். கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கும். சாலையில் இறங்கியதும் வண்டவாளம் தெரிந்துவிடும்.

இனி ஃபோம். வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது, குழப்பமும் இதில்தான். குஷன் கடையில் "நாற்பது டென்சிட்டி குடுங்க, கெட்டியா இருக்கணும்" என்று கேட்பவர் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக்கிக் கேட்கிறார். டென்சிட்டி என்பது ஒரு கனமீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பது மட்டும்தான். அது அதிகமாக இருந்தால் ஃபோம் நாள்பட உழைக்கும். கெட்டித்தன்மைக்கு அளவு வேறு: குறிப்பிட்ட பரப்புள்ள தட்டால் அழுத்தி, தடிமனில் 40 சதவீதம் உள்ளே போக எவ்வளவு விசை வேண்டும் என்று நியூட்டனில் பார்ப்பார்கள். டென்சிட்டி அதிகமாக இருந்தும் மெத்தென்ற ஃபோம் உண்டு, குறைவாக இருந்தும் கல் போன்ற ஃபோம் உண்டு. கார் சீட்டுக்குத் தேவை டென்சிட்டி அதிகமும் கெட்டித்தன்மை நடுத்தரமும் உள்ள ரகம். ஹெச்ஆர் என்று சொல்லப்படும், துள்ளல் அதிகமுள்ள ஃபோமில் 50 கிலோ அளவில் கேட்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

எம்ஜிபி சீட்டில் ஃபோமுக்குக் கிடைக்கும் உயரம் குறைவு. ஒரே கெட்டித்தன்மையில் ஒரே துண்டாகப் போட்டால் மெத்தென்றிருப்பது அடிவரை அமுங்கும், கெட்டியாக இருப்பது குத்தும். அதனால் அடுக்காகப் போடுகிறார்கள். கீழே கெட்டியான அடுக்கு, அதன் மேல் நடுத்தரம், மேலே ஒரு விரல் தடிமனுக்கு மென்மையானது. மேல் அடுக்குக்கு மெமரி ஃபோம் போடுவது இப்போது பரவிவிட்டது. உடலின் வடிவத்துக்கு ஏற்ப இளகி அழுத்தத்தைப் பரப்புகிறது, உண்மைதான். ஆனால் குளிரில் அதுவே விறைத்துக்கொள்ளும், வெயிலில் கூழாகும். கூரை இல்லாமல் வெயிலில் நிற்கும் காருக்கு மெல்லிய அடுக்கைத் தாண்டி அது வேண்டாம். உட்காரும் எலும்புகள் இரண்டும் படும் இடத்தில் கீழ் அடுக்கில் வட்டமாகப் பள்ளம் குடைந்து அங்கே மட்டும் மென்மையான துண்டைப் பதித்தால் உட்காரும் உயரம் கூடாமலே வலி போகும். பின்பக்க நடுவில் வால் எலும்புக்கு நேராக ஒரு சின்ன வெட்டு விடுபவர்களும் உண்டு.

வெட்டுவதற்கு ரொட்டி வெட்டும் மின்கத்தியை மிஞ்சிய கருவி இல்லை. விளிம்புகளைச் சாய்த்து மழுக்க, கிரைண்டரில் மாட்டிய உப்புத்தாள் வட்டு. ஒட்டும்போது ஒரு நுணுக்கம்: பசையைப் பரப்பு முழுக்க அடிக்கக் கூடாது. காய்ந்த பசை ஃபோமுக்கு நடுவில் அப்பளம் போல ஒரு தகட்டை உண்டாக்கிவிடும். உட்காரும்போது நொறுநொறுவென்று சத்தம் வரும், கெட்டித்தன்மையும் ஏறும். விளிம்பைச் சுற்றி ஒட்டினால் போதும்.

தயார் வார்ப்பு ஃபோமாகவே வாங்கிப் போடுபவர்கள்தான் அதிகம். வேலை சுலபம், வடிவம் சரியாக வரும். புது ஃபோம் போட்டதும் சீட் முன்னைவிட உயர்ந்துவிட்டது, கெட்டியாக இருக்கிறது என்பது அதன் வழக்கமான புகார். 1965-ல் வந்த கூரையுள்ள எம்ஜிபி ஜிடியில் உயரமானவரின் தலை கூரையைத் தட்டும். அடிப்பக்கத்திலிருந்து இரண்டு செ.மீ. சீவிவிட்டால் தீரும். மேல்பக்கத்தைச் சீவக் கூடாது. வடிவம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்து ஐரோப்பியக் கார்கள் எல்லாமே ஃபோமை நம்பியவை என்று நினைக்க வேண்டாம். ஃபோக்ஸ்வாகன் வண்டுக் காரின் சீட்டைப் பிரித்தால் உள்ளே ரப்பர் பால் தெளித்து அழுத்திய தேங்காய் நார் இருக்கும். நம் வீடுகளில் ரப்பர் நார் மெத்தை என்று வாங்கிப் போடுவோமே, அதே சரக்கு. காற்று உள்ளே ஓடும், ஈரம் தங்காது. அப்படிப்பட்ட சீட்டை ஃபோமுக்கு மாற்றாமல் நாரையே புதிதாக வெட்டிப் போடுவது நல்லது.

முதுகுப் பகுதியில் வேலை இடுப்பு அணையில்தான். துண்டுச் சோதனையில் குறித்த உயரத்தில் 2 முதல் 3 செ.மீ. தடிமனுக்கு ஒரு துண்டு ஃபோம், மேலும் கீழும் சாய்வாக மழுக்கப்பட்டது. அதைத் தோலுக்கு நேர் அடியில் வைத்தால் உருண்டையாகத் துருத்தும்; ரப்பருக்கும் ஃபோமுக்கும் நடுவில் வைத்தால் வெளியே அடையாளமே தெரியாது, முதுகுக்கு மட்டும் தெரியும். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டும் காருக்குக் காற்றுப் பை நல்லது. டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும்போது அமுக்குவாரே, அதே மாதிரி ரப்பர் உருண்டை ஒன்று சீட்டின் பக்கத்தில் தொங்கும். அமுக்கினால் அணை புடைக்கும், திருகைத் திறந்தால் அடங்கும். பக்கவாட்டு முண்டுகளில் வெளிப்பக்கம்தான் சீக்கிரம் நசுங்கும். தாழ்வான காரில் ஏறுபவர் முதலில் உட்காருவது அதன் மேல்தான். அங்கே மட்டும் துண்டு ஃபோமை அழுத்தி ஒட்டிய கெட்டி ரகத்தைப் போட வேண்டும்.

ஃபோமைத் தொடாமலே கிடைக்கும் சுகமும் உண்டு. எம்ஜிபியில் சீட் ரெயில்களுக்கும் தரைக்கும் நடுவில் மரப்பட்டைகள் இருக்கின்றன. உயரமானவர்கள் அவற்றை மெல்லியதாக மாற்றி சீட்டைத் தாழ்த்துகிறார்கள். பெரிய ஸ்டீயரிங் வளையத்துக்கும் தொடைக்கும் நடுவில் இடம் கிடைக்கிறது. இன்னொரு வழி, முன்பக்கத்தை மட்டும் ஒரு செ.மீ. உயர்த்துவது. தொடைக்குத் தாங்கல் கிடைத்து, பிரேக் போடும்போது முன்னால் சறுக்குவது நிற்கும். சில ரூபாய் வாஷர் பலநாள் வலியைத் தீர்த்த கதைகள் இந்தக் கார்க்காரர்களிடம் நிறைய. எதைச் செய்தாலும் போல்ட்டின் நீளத்தை மறுபடி பார்க்க வேண்டும். மரை முழுதாக நட்டில் ஏறாத சீட், மோதலில் ஆளோடு முன்னால் போகும்.

மேல் உறையைப் பற்றி ஆளுக்கொரு கருத்து. 1960-களின் எம்ஜிபியில் உட்காரும் முகத்துக்கு மட்டும் தோல், பக்கங்களுக்கு வினைல். ஓரங்களில் வேறு நிறத்தில் பைப்பிங். பின்னாளில் முழுக்க வினைல், அதற்கும் பிறகு துணி. தோலில் காற்று கொஞ்சம் புகும், வியர்வை குறையும், ஆனால் மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டால் பராமரிக்காத தோல் வறண்டு வெடிக்கும். வினைல் மழைக்கு அஞ்சாது, மதிய வெயிலில் தொடையைச் சுடும். நம் ஊரில் இதற்கெல்லாம் ஒரே பெயர், ரெக்சின். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் ஹைட் என்ற ஊரில் செய்யப்பட்ட தோல்துணியின் வணிகப் பெயர் அது. பிரிட்டிஷ் கார்களோடும் ரயில்களோடும் கப்பலேறி வந்தது. கம்பெனி போனபின்னும் குஷன் கடைப் பலகையில் பெயர் நிற்கிறது. எந்தத் துணியானாலும் தீப்பிடித்தால் பரவும் வேகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்க விதி காரின் உள்துணிக்கு நிமிடத்துக்கு 102 மி.மீ. என்று எல்லை வைத்திருக்கிறது. சோபாத் துணிக்கு அந்தக் கணக்கு கிடையாது.

தையலுக்கு வீட்டு மெஷின் ஆகாது. மேல் பாதமும் துணியோடு சேர்ந்து நகரும் கனமான மெஷின் வேண்டும், இல்லையென்றால் மேல் தோல் ஒரு பக்கம் அடித்தோல் ஒரு பக்கம் என்று நழுவி, வரி மடிப்புகள் கோணலாகும். நூல் பருத்தியாக இருக்கக் கூடாது. வெயிலிலும் ஈரத்திலும் இற்றுப்போகும். தையலை நெருக்கமாகப் போட்டால் வலுவாக இருக்கும் என்று நினைப்பதும் தவறு. தோலில் நெருக்கமான ஓட்டைகள் தபால்தலை ஓரம் போல. இழுத்தால் அங்கேயே கிழியும். அங்குலத்துக்கு ஆறேழு தையல் போதும்.

வருடத்தைப் பார்த்து வாங்கினால் தைத்த கவரே கிடைக்கிறது. அமெரிக்காவில் 1969 ஜனவரி முதல் சீட்டில் தலையணை (ஹெட்ரெஸ்ட்) கட்டாயமானதால் அதற்குப் பிந்தைய சீட்டின் மேல் விளிம்பு வேறு. முந்தைய காரின் கவர் அதில் ஏறாது.

கவர் மாட்டும் நாள் வெயில் நாளாக இருக்கட்டும். கவரை ஒரு மணி நேரம் வெயிலில் விரித்துவைத்தால் இளகும். ஃபோமின் மேல் மெல்லிய பாலித்தீன் தாளைப் போர்த்திவிட்டுத்தான் கவரை ஏற்ற வேண்டும். ரப்பர் போலப் பற்றிக்கொள்ளும் ஃபோமின் மேல் தோல் நகரவே நகராது, தாள் இருந்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். தலையணைக்கு உறை போடுவது போல மேலிருந்து இழுத்து, இரண்டு கையாலும் உள்ளே ஃபோமின் மூலைகளைத் தள்ளி, தையல் கோடு விளிம்பின் மேல் நேராக வரும்வரை தட்டித் தட்டி நகர்த்த வேண்டும். நேராக வந்ததும் தாளைக் கிழித்து உருவிவிடுவார்கள். உட்காரும் பகுதியில் நடுப்பள்ளம் பள்ளமாகவே நிற்க, கவரின் அடியில் தைத்த குழலுக்குள் கம்பியைச் செருகி, அந்தக் கம்பியை ஃபோம் வழியாகக் கீழே இழுத்து வளையத்தால் கட்ட வேண்டும். இந்த ஒரு வேலையைத் தவிர்த்தால் கவர் பள்ளத்தின் குறுக்கே மத்தளத் தோல் மாதிரி நிற்கும். உட்காருபவர் அதன் மேல் மிதப்பார், செதுக்கிய ஃபோம் எல்லாம் வீண். முன்னால் நடு, பின்னால் நடு, பிறகு இரு பக்கம், கடைசியில் மூலை என்ற வரிசையில் கிளிப் போட வேண்டும். மிஞ்சிய சுருக்கத்தை நீராவி காட்டிக் கையால் தடவினால் அடங்கும்.

பழைய சீட்டோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்கள் வேறு காரின் சீட்டையே மாட்டுகிறார்கள். எம்ஜிபிக்கு அதிகம் போவது 1989-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 சீட். அகலம் குறைவு, தலையணை உண்டு, சட்டம் வலுவானது. சிலவற்றில் தலையணைக்குள்ளேயே ஸ்பீக்கர் இருக்கும். ஆனால் நேராகப் பொருந்தாது, ரெயில்களை மாற்றிப் பொருத்த வேண்டும். உயரமும் கூடிவிடும். அதனால் எம்எக்ஸ்-5 காரர்களே தங்கள் சீட்டில் செய்யும் ஒரு வேலையை இங்கேயும் செய்கிறார்கள்: கவரைப் பிரித்து உட்காரும் இடத்து ஃபோமைக் குடைந்தெடுப்பது. வாங்கும் முன் நடுமேட்டுக்கும் கதவோரத்துக்கும் நடுவே உள்ள அகலத்தை மிகக் குறுகலான இடத்தில் அளக்காவிட்டால் கதவு மூடாது. பழைய சீட்டுகளை விற்காமல் பரணில் வைப்பதே புத்திசாலித்தனம். காரை வாங்க வருபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

புதுப்பித்த சீட் முதல் சில வாரங்களுக்குக் கெட்டியாகத்தான் இருக்கும். ஃபோமின் செல் சுவர்கள் உட்கார உட்கார இளகும், பட்டை சற்றே நீளும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ரெயில் போல்ட்டுகளை மறுபடி முடுக்கி, ஓரத்துக் கிளிப்புகளைத் தடவிப் பார்த்து, நழுவியதை மாற்ற வேண்டும். இடுப்பு அணையின் உயரம் சரியில்லை என்று தெரிவதும் அப்போதுதான். முதுகு உறையின் கீழ் ஓரத்தை முதல் நாளே பசையில்லாமல் கிளிப்பில் மட்டும் நிறுத்தியிருந்தால், கையை உள்ளே விட்டு அணையை ஒரு விரல்கடை மேலேயோ கீழேயோ நகர்த்திக்கொள்ளலாம்.